எண்ணெய் வைத்தும் கூந்தல் வறள்வதேன்?

தலைக்கு எண்ணெய் வைக்காத வீடு நம்மிடையே இல்லை எனலாம். பிறந்த குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைப்பது முதல், பள்ளிக்குச் செல்லும் மகளுக்கு இரட்டைச் சடை பின்னி அனுப்புவது வரை அது நம் வீட்டு வழக்கத்தோடு கலந்துவிட்டது. ஆயினும், "எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் முடி தேங்காய் நாரைப் போல் இருக்கிறதே!" என்னும் குறையைப் பல இல்லங்களில் கேட்கிறோம். சீப்பை வைத்தால் சிக்கிக் கொள்கிறது. இழுத்தால் பாதியில் ஒடிகிறது. நுனி இரண்டாகப் பிளக்கிறது.

இதைக் கண்ட தாய்மார்கள் எண்ணெயை இன்னும் கூட்டுகிறார்கள். அதன் பிசுக்குப் போக மகள் சோப்பையோ ஷாம்புவையோ கூட்டுகிறாள். முடி மேலும் வறள்கிறது. கடைசியில் கண்ணூறு பட்டுவிட்டது என்று சிலர் முடிவு செய்கின்றனர். விலை உயர்ந்த புட்டிகளைத் தேடி வேறு சிலர் கடைக்குச் செல்கின்றனர். இரண்டுக்கும் முன்னதாக ஓர் உண்மையைத் தெளிவாக அறிந்து கொள்வது நல்லது. கூந்தலுக்கு வேண்டிய ஈரம் தண்ணீரே, எண்ணெய் அன்று. எண்ணெய் காவலாளி மட்டுமே. காவலாளியை எத்தனை பேர் நிறுத்தினாலும், வீட்டினுள் பொருள் இல்லையென்றால் காவலால் என்ன பயன்?

முடியின் அமைப்பு

தலைத்தோலுக்குள் இருக்கும் வேர்தான் உயிருள்ளது. வெளியே வந்துவிட்ட முடி உயிரற்ற இழை. கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்புறத்தில், ஓட்டு வீட்டின் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைப் போல, மெல்லிய செதில்கள் நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் இயற்கையான மெழுகு போன்ற ஒரு படலமும் உண்டு. செதில்கள் ஒழுங்காகப் படிந்திருந்தால் முடி பளபளப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். உள்ளிருக்கும் ஈரமும் தங்கும். செதில்கள் தூக்கிக்கொண்டு நின்றால் ஒரு முடி மற்றொன்றோடு மாட்டிக்கொள்ளும், ஈரமும் வெளியேறிவிடும். இதையே நாம் வறட்சி என்கிறோம்.

சாதாரணமாக ஒரு முடியின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு வரை நீர் இருக்கும். நன்றாக நனைந்தால் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை உறிஞ்சிக்கொண்டு அது உப்பும்; காயும்போது மீண்டும் சுருங்கும். அடிக்கடி இவ்வாறு உப்பிச் சுருங்குவதும் செதில்களைத் தளர்த்திவிடும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அப்படியாயின் 60 சென்டிமீட்டர், அதாவது 2 அடி நீளமுள்ள சடையின் நுனி 5 ஆண்டுகளுக்கு முன் முளைத்தது! ஐந்து ஆண்டுகளின் வெயிலையும், தண்ணீரையும், சோப்பையும், சீப்பையும் தாங்கி வந்த நுனி அது. தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெயும் அவ்வளவு தூரம் இறங்கி வருவதில்லை. சுருட்டை முடியாயின் இன்னும் கடினம். ஆகவே வேர்ப்பகுதி பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோலாகவும் ஒரே தலையில் இருப்பது வியப்பன்று.

உங்கள் வீட்டுத் தண்ணீர்

கூந்தல் வறட்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தண்ணீரை மறந்து விடுகின்றனர். நம்மவர் மிகுதியாக வாழும் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்றவை கடலோர ஊர்கள். கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பது பலரும் அறிந்ததே. உள்நாட்டிலும் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் கால்சியம், மக்னீசியம் ஆகிய உப்புகள் மிகுந்த கடினநீரே கிடைக்கிறது.

உங்கள் வீட்டு நீர் கடினநீரா என்பதை அறியச் சமையலறையே போதும். பருப்பு வேக நெடுநேரமாகிறதா? வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு ஏற்படுகிறதா? குழாய் வாயில் சுண்ணாம்பு போல் கட்டுகிறதா? குளியல் சோப்பு நுரைக்காமல் திரிகிறதா? இவை கடினநீரின் அடையாளங்கள். அளவாகத் தெரிந்துகொள்ள விரும்புவோர், கட்டணம் செலுத்தித் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்துக் கொள்ளலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது.

இத்தகைய நீரில் சாதாரணச் சோப்பைத் தலைக்குத் தேய்த்தால், சோப்பும் நீரிலுள்ள உப்பும் சேர்ந்து கரையாத பசையாக மாறி முடிமேல் படிந்து விடுகின்றன. வாளியின் விளிம்பில் படியும் அதே அழுக்குத்தான் கூந்தலிலும் படிகிறது. மேலும் சோப்பு காரத்தன்மை உடையது. காரம் பட்டால் முடி உப்பும், செதில்கள் தூக்கிக்கொள்ளும். எனவே உப்புநீர் உள்ள வீட்டில் உடலுக்குத் தேய்க்கும் சோப்பைத் தலைக்கு நிறுத்துவதே முதல் வைத்தியம். மென்மையான ஷாம்புவும் சிகைக்காயும் இவ்வாறு பசையாகத் திரிவதில்லை.

தண்ணீரையே மாற்ற இயலாத நிலையிலும் ஒரு வழி உண்டு. தலையை எந்த நீரில் கழுவினாலும், கடைசியாக ஊற்றும் இரண்டு செம்பு நீராவது மென்னீராக இருக்கட்டும். மழைநீர் இயல்பிலேயே மென்னீர். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது முதல் பல வீடுகளில் மாடி நீரைத் திருப்பும் குழாய்கள் உள்ளன. முதல் மழையில் மாடி அழுக்கு நீங்கிய பிறகு, சுத்தமான மூடிய பாத்திரத்தில் பிடித்து வைத்த நீர் இதற்குப் பயன்படும்.

வளைகுடா நாடுகளில் குடும்பத்துடன் வாழும் நம் சகோதரிகளும் அவ்வூர்த் தண்ணீரையே குறை சொல்வார்கள். அங்கு குழாயில் வருவது பெரும்பாலும் உப்பு நீக்கப்பட்ட கடல்நீர், கடினத்தன்மை குறைந்தது. இரவும் பகலும் ஓடும் குளிர்சாதனத்தின் வறண்ட காற்றே அங்கு கூந்தலின் ஈரத்தை வற்றச் செய்யும் பெரிய காரணம். அவர்கள் கீழே கூறப்படும் முறையில் கடைசிப் படியை ஒருநாளும் விடக்கூடாது.

வாரம் இருமுறை – படிப்படியாக

முதற்படி: குளிக்கும் முன் எண்ணெய். குளித்த பின் வைப்பதைவிடக் குளிக்கும் முன் வைக்கும் எண்ணெயே அதிகப் பயன் தருகிறது. அதிலும் தேங்காய் எண்ணெய்க்குத் தனிச் சிறப்பு உண்டு. அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். சிறிய, நேரான மூலக்கூறாதலால் அது முடியின் உள்ளே நுழைகிறது. 2003ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வொன்று தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கழுவுண்டு போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது என்று கண்டனர். உள்ளே நுழைந்த எண்ணெய், முடி மிகையாக உப்புவதைத் தடுக்கிறது.

கடையில் வாசனை எண்ணெய் வாங்குவோர் புட்டியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். 'லிக்விட் பாரஃபின்' என்றோ 'மினரல் ஆயில்' என்றோ இருந்தால் அதுவே கனிம எண்ணெய். அது தீங்கன்று, மேற்பரப்பில் வழவழப்பைத் தரும். ஆனால் உள்ளே செல்லாது.

இடுப்பளவு கூந்தலுக்கு 3 தேக்கரண்டி எண்ணெய் போதும். கைபொறுக்கும் சூட்டில், நடுப்பகுதி முதல் நுனி வரை நன்றாகத் தடவுங்கள்; உச்சியில் சிறிது போதும். முந்தைய இரவோ, குறைந்தது 1 மணி நேரம் முன்போ தடவலாம். விளக்கெண்ணெய் சேர்க்க விரும்பினால் நான்கு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தனியாகத் தடவினால் அதன் கனத்தால் முடி சிக்காகிக் கட்டிவிடும்.

இரண்டாம் படி: வழவழப்புச் சாறு. வெந்தயம் 2 மேசைக்கரண்டி எடுத்து இரவே ஊற வையுங்கள். காலையில் மையாக அரைத்து, 2 மேசைக்கரண்டி தயிர் சேர்த்து, மெல்லிய துணியில் வடித்துக் கொள்ளுங்கள். வடிக்காமல் பூசினால் வெந்தயத் திப்பி முடியில் ஒட்டிக்கொண்டு, அதை எடுக்கும் முயற்சியிலேயே பாதி முடி ஒடிந்துவிடும். வெந்தயத்துக்குப் பதிலாகச் செம்பருத்தி இலை ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கசக்கி வடித்த சாறும் நன்று. கற்றாழை எடுப்பவர்கள், வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கால் மணி நேரம் வடியவிட்டு, சோற்றை நன்கு கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். அந்தப் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும். இவை அனைத்திலும் உள்ள பசை நீரைப் பிடித்து வைத்து, முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. 20 நிமிடங்கள் போதும். சளித் தொல்லை உள்ளவர்கள் வெயிலேறிய நேரத்தில் செய்து கொள்ளலாம்.

மூன்றாம் படி: கழுவுதல். ஷாம்புவைச் சிறிது நீரில் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் தேய்யுங்கள். அலசும்போது வழியும் நுரையே நுனிகளுக்குப் போதும். சிகைக்காய் பயன்படுத்துவோர் தூளை அப்படியே தேய்க்காமல், கொதிக்க வைத்து வடிகட்டிய சாற்றைப் பயன்படுத்தினால் முடி உராயாது. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பே போதும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கடமையான குளிப்புக்கு நிபந்தனை தண்ணீர் சென்று சேர்வதுதான். சோப்போ ஷாம்புவோ நிபந்தனை அன்று. எனவே ஒவ்வொரு முறை தலைக்கு ஊற்றும்போதும் நுரை போட வேண்டியதில்லை. வாரத்தில் 2 முறை ஷாம்பு அல்லது சிகைக்காய்; மற்ற நாட்களில் வெறும் நீர் என்று வைத்துக் கொண்டாலே பலருடைய வறட்சி குறையும்.

நான்காம் படி: புளிப்பு நீர். 1 லிட்டர் மென்னீரில் 1 மேசைக்கரண்டி வினிகர், அல்லது அரை எலுமிச்சம்பழச் சாற்றை வடிகட்டிக் கலந்து, கடைசியாகக் கூந்தலில் ஊற்றுங்கள். கண்ணில் படாமல் தலையைப் பின்புறம் சாய்த்துக் கொள்ளுங்கள். இந்த மெல்லிய புளிப்பு, உப்புப் படிவைக் கரைப்பதோடு, தூக்கி நிற்கும் செதில்களைப் படியவும் செய்கிறது. ஒரு நிமிடம் கழித்து வெறும் நீரால் அலசி விடலாம். கலக்காமல் நேரடியாக வினிகரையோ எலுமிச்சையையோ தேய்ப்பது தவறு, தலைத்தோல் எரியும்.

ஐந்தாம் படி: ஈரத்தைப் பூட்டுதல். துண்டால் முறுக்கிப் பிழிவதும் அடித்துத் தட்டுவதும் வேண்டாம். ஈரமுடி உலர்ந்த முடியைவிட எளிதில் இழுபட்டு ஒடியும். பழைய பருத்திச் சட்டைத் துணியால் ஒற்றி எடுங்கள். முடி இன்னும் ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கையில் 4, 5 சொட்டு எண்ணெயைத் தேய்த்து நுனிகளில் தடவுங்கள். உள்ளே நீர் இருக்கும்போது வைக்கும் காவலே காவல்! பிறகு பெரிய பல் சீப்பால் நுனியில் தொடங்கி, மெல்ல மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுப்பதுதான் பள்ளிக்கு நேரமாகும் காலைகளில் நாம் மகள்களுக்குச் செய்யும் கொடுமை.

முக்காட்டினுள் ஈரமுடி

தலையை மறைப்பதால் முடி கெடுகிறது என்று சிலர் கூறுவதுண்டு. உண்மை வேறு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் முடியின் புரதத்தையும் நிறத்தையும் சிதைப்பவை. முக்காடு அவற்றிலிருந்து காக்கிறது. தீங்கு செய்வது முக்காடன்று. ஈரத்தோடு முடியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் துணியைச் சுற்றுவதுதான். காற்றுப் புகாத ஈரத்தில் தலைத்தோல் அரிக்கும், வாடை வரும், பொடுகு பெருகும். எனவே கல்லூரிக்கோ வேலைக்கோ செல்பவர்கள் காலையில் தலைக்குக் குளிப்பதைத் தவிர்த்து, மாலையில் குளித்து உலர்த்திக் கொள்வது நல்லது.

உட்தொப்பி அணிபவர்கள் வழவழப்பான துணியைத் தேர்ந்தெடுத்தால் உராய்வு குறையும். நாள்தோறும் ஒரே இடத்தில் இறுகக் கொண்டை போட்டால் நெற்றியோரத்து முடி இழுபட்டு மெலியும். கட்டும் இடத்தை மாற்றுங்கள். வீட்டுக்குள் வந்ததும் கூந்தலை அவிழ்த்துச் சிறிது நேரம் காற்றாட விடுங்கள்.

சில தவறான எண்ணங்கள்

முட்டை பூசினால் முடிக்குப் புரதம் ஏறும் என்பர். முட்டையின் புரத மூலக்கூறு மிகப் பெரியது; முடிக்குள் நுழையாது. மேலே சிறிது பூச்சாக நிற்கும், அவ்வளவே. அதைத் தலையில் பூசுவதைவிட மகளுக்கு உண்ணக் கொடுப்பது மேல்.

பிளந்த நுனியை ஒட்ட வைக்கும் எண்ணெயோ சாறோ உலகில் இல்லை. 2, 3 மாதங்களுக்கு ஒருமுறை நுனியில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வெட்டி விடுவதே வழி. வெட்டாவிட்டால் பிளவு மேலேறும்.

தலையில் வெள்ளைத் தூள் உதிர்ந்தால் வறட்சி என்று எண்ணி மேலும் மேலும் எண்ணெய் வைப்பவர் உண்டு. அது பொடுகாக இருந்தால் எண்ணெய் அதைக் கூட்டவே செய்யும். அதற்குக் காரணமான நுண்ணுயிர் கொழுப்பை உண்டு வாழ்வது. பொடுகுக்குரிய மருந்து ஷாம்புவைக் கேட்டு வாங்கி, எண்ணெயை நுனியோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

மருதாணி நரைக்கு நல்ல சாயம். ஆனால் அடிக்கடி இட்டால் முடி விறைக்கும். கறுப்பு மருதாணி என்று விற்கப்படும் பலவற்றில் பாராபினைலின்டையமின் என்னும் ரசாயனம் கலந்திருக்கும். சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் கொப்புளமும் உண்டாக்கும். நிக்காஹ் நாள் நெருங்கும்போது நிறம் வெளுக்கச் செய்வதும், ரசாயனத்தால் முடியை நேராக்குவதும் இன்று பெருகி வருகின்றன. அவற்றால் நீங்கிய இயற்கை மெழுகுப் படலம் அந்த முடியில் மீண்டும் உண்டாவதில்லை என்பதை அறிந்து முடிவு செய்யுங்கள்.

வறட்சி நோயின் அடையாளமாகும்போது

இதுவரை கூறியவை வெளியிலிருந்து வரும் வறட்சிக்கு. உடலின் உள்ளிருந்து வரும் வறட்சிக்கு எந்தப் பூச்சும் பயன்படாது. கூந்தல் திடீரென்று முரடாகி மெலிவதோடு, காரணமில்லாத அசதி, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிலக்கில் மிகுந்த போக்கு ஆகியவை இருந்தால் தைராய்டு சுரப்பி மந்தமாகி இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையால் கட்டுப்படுத்தவும் முடியும்.

முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, முடியும் கொத்தாகக் கொட்டினால் இரத்தசோகையாக இருக்கலாம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. பாதிக்கும் மேல்! வீட்டில் எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்ணும் தாயும் மருமகளும் இந்தக் கணக்கில் அடங்குவர். ஈரல், இறைச்சி, முட்டை, மீன், முருங்கைக்கீரை ஆகியவை அவர்கள் தட்டிலும் இருக்க வேண்டும். உணவோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு ஏறும். உண்டவுடன் தேநீர் குடித்தால் தடைபடும். இரத்தசோகை உறுதியானால் உணவு மட்டும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும். பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் எண்ணெயை மாற்றிக் கொண்டிருக்க, உள்ளே நோய் வளர்ந்து கொண்டிருக்கும். முடியைக் கண்டு நோயை உணர்ந்து கொண்டால், அந்த வறண்ட முடியே அவளுக்குச் செய்த உதவியாகும்.

பொறுமை வேண்டும்

மேற்சொன்ன முறையைத் தொடங்கிய இரண்டு, மூன்று வாரங்களில் மென்மை தெரியும். ஆனால் கெட்டுப்போன பழைய முடி புதிதாகிவிடாது. இனி முளைப்பது கெடாமல் காக்கப்படும். மாதம் ஒரு சென்டிமீட்டராக அந்த நல்ல முடி இறங்கி வரும். ஓராண்டில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீண்டிருக்கும்.

முடியைப் பேணுவதை வலியுறுத்தும் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளதை நாம் அறிவோம். பேணுதல் என்பது பகட்டன்று. அதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய், வெந்தயம், ஓர் எலுமிச்சம்பழம், இரண்டு செம்பு நல்ல தண்ணீர், இவற்றோடு அவசரமில்லாத ஒரு கை. "உன் முடி ஏன் இப்படி?" என்று மகளைப் பலர் முன்னிலையில் கடிந்து கொள்வதை விட்டு, வாரம் ஒரு மாலை அவளை அருகில் அமர்த்தி நுனியிலிருந்து சிக்கெடுத்து விடுங்கள். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டு அறிந்து கொள்ளுங்கள்.